கூழும் ரோசாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறை தன்னுள் வாங்கிக்கொள்கிறது. மக்கள் கிணறு தோண்டி அதனை மேலே கொணர்கிறார்கள். வடகரையில் மட்டும், அலை வந்து மோதும் இடத்துக்குச் சற்று இப்பால், அந்நீர் தானாகவே ஊற்றாய் எழுகிறது. அதுவே கீரிமலை. ஒருபுறம் உப்புக்கடல், மறுபுறம் நன்னீர்க் கேணி. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இந்நீரில் மூழ்கி முகம் திருந்தினார் என்று தலபுராணம் கூறும். முனிவரை விடுத்து, அந்நீரருகே வந்து அமர்ந்த சாதாரண மனிதரின் வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம்.

அரசர்களின் போர்களுக்கு ஏடுகள் உண்டு. ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பகல் முழுதும் மரநிழலில் இருந்து உண்டு மகிழ்ந்ததற்கு ஏடு இல்லை. ஆயினும், உழைக்கும் மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர், அவர்கள் எவ்வாறு உழைத்தார்கள் என்பதோடு எவ்வாறு இளைப்பாறினார்கள் என்பதையும் கேட்டல் வேண்டும். இளைப்பாறுதலிலும் உடையவர், இல்லாதவர் என்ற பிளவு உண்டு.

குடாநாட்டு மக்களின் மகிழ்ச்சி பருவத்தோடு இயைந்தது. மாரி மழையில் விளைந்த நெல் தை மாசியில் வீடு சேரும். முற்றத்திலே பொங்கற் பானை ஏறும். ஆடி பிறக்கையில் சோளகக் காற்று வீச, வீடுதோறும் பனங்கட்டி சேர்ந்த கூழும் கொழுக்கட்டையும் ஆகும். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் ஆற்றுவர். மாட்டுவண்டியில் குடும்பத்தோடு சென்றோருக்கு அந்நாள் கடமை நாளாக மட்டும் இருக்கவில்லை. கடலும் காற்றும் மடத்து நிழலும் கூடிய நாளாகவும் இருந்தது. வேறு நாட்களில் தோட்டத்து மரநிழலில் ஒடியற் கூழ் காய்ச்சுவர். மீனும் நண்டும் இறாலும் இட்ட அக்கூழைத் தனித்திருந்து உண்பார் அரியர். வட்டமாக அமர்ந்து, பனையோலைப் பிளாவில் ஏந்தி உறிஞ்சுவதிலேதான் அதன் சுவை இருக்கிறது. பிக்னிக் என்னும் சொல் நம்மிடம் வருமுன்னரே அதன் பொருள் நம்மிடம் இருந்தது.

1902இல் யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்போடு பாதை இணைந்தது. கொழும்பில் எழுதுவினைஞராய் இருந்தோர் ஊர் திரும்பும் விடுமுறை, பயிர்ப் பருவத்தோடு தொடர்பில்லாத ஒரு புதிய பருவமாயிற்று. கீரிமலைக் கேணிக்கும், காரைநகரின் கசூரினாக் கடற்கரைக்கும் உணவுப் பொதியோடு செல்வது படித்த குடும்பங்களின் வழக்கமாயிற்று. அவர்களுடைய கல்வீட்டு முற்றத்தில் நந்தியாவட்டைக்கும் செவ்வரத்தைக்கும் அருகே ரோசாவும் இடம்பெற்றது. ரோசா இம்மண்ணுக்குரிய செடியன்று. கோடை நெடுகிலும் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினாலன்றி அது பூக்காது. வற்றாத ஆறு இல்லாத நாட்டில் ஒரு ரோசா என்பது, நீர் மிஞ்சியிருக்கிறது என்பதன் அடையாளம்.

அந்த நீர் யாருக்குரியது என்ற கேள்வி இங்கே பிறக்கிறது. பஞ்சமர் என ஒதுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியார் கிணற்றில் நீர் அள்ள இயலாதிருந்தது. பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. ஆடிக் கூழுக்கு இனிப்பூட்டிய பனங்கட்டி, பனையேறும் தொழிலாளியின் உழைப்பில் வந்தது. அவர் இறக்கிய பதநீர் எல்லோர் வீட்டிலும் இனித்தது. அவரோ தேநீர்க் கடையில் தனிக் குவளையோடு வெளியே நின்றார். கோயில் வாயிலையும் கடக்க முடியவில்லை. ஒரு கை நீருக்குக் காத்து நின்றவர் முற்றத்தில் ரோசா நடுவது எங்ஙனம்? கூடியிருந்து உண்ணும் இன்பம் தமிழர் பண்பு என்று பெருமை பேசும் நாம், அவ்வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை எண்ணாமல் பேசுதல் நேர்மையாகாது.

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஆயினும் சட்டம் தானாக நடந்து வந்து எவருக்கும் ஆசனம் இட்டுக் கொடுக்கவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடிக்குப் பின்னரும் போராட்டம் ஓயவில்லை. 1968இல், கீரிமலைக்குச் செல்லும் வழியிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உரிமை கேட்டு நின்றார்கள். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுக்க முன்னின்றார். கற்ற கல்வி ஒருவரைத் தானே சமத்துவத்தின் பக்கம் சேர்த்துவிடாது என்பதற்கு, ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற் கொள்ளத்தக்க சான்று இது. தேநீர்க் கடை ஆசனத்துக்காக இத்துணைப் போரா என அன்று சிலர் ஏளனம் செய்தனர். அந்த ஆசனம் மனிதன் மனிதனோடு சமமாக இருந்து உண்ணும் உரிமையன்றோ!

இவ்வுரிமையை உலகத் தொழிலாளர் வேறொரு பெயரால் அறிவர். 1911இல் அமெரிக்கக் கவிஞர் ஜேம்ஸ் ஒப்பன்ஹைம் வெளியிட்ட ஒரு கவிதை, ரொட்டியும் ரோசாவும் வேண்டும் என்ற முழக்கத்தைத் தலைப்பாகக் கொண்டது. 1912இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில், பல நாடுகளிலிருந்து குடியேறிய நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். பெண்கள் பெருந்திரளாக நின்ற அப்போராட்டத்தோடு அம்முழக்கம் பின்னாளில் ஒன்றிப்போயிற்று. வயிறு நிறைவது மட்டும் போதாது; ஓய்வும் அழகும் உழைப்பவனுக்கும் உரியவை என்பதே அதன் பொருள். நம் நாட்டிலும் இக்கோரிக்கை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குதல் வேண்டும். உல்லாசமாகப் போன இடத்திலும் அடுப்பை மூட்டிப் பானையருகே நின்றவள் பெண்ணே. அவளுக்கும் ஓய்வு கிட்டாதவரை அது குடும்பத்தின் இன்பம் ஆகாது.

1990இல் போர் மூண்டபோது, வலிகாமம் வடக்கு மக்கள் சாதி வேறுபாடின்றி ஊரை இழந்தனர். கேணியும் மடமும் கடற்கரையும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. புகையிரதம் நின்றது; காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூடிற்று. உறவினர் வீட்டிலும் முகாமிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. தன் ஊர்க் கடலைக் காணாத பிள்ளைகள் பெரியவர்களானார்கள். 2009க்குப் பின்னர் நிலம் சிறிது சிறிதாக விடப்பட்டது. காங்கேசன்துறைக்கு 2015இல் மீண்டும் புகையிரதம் வந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் மீனவரிடம் திரும்பியது. மக்கள் முகாமில் இருந்த அக்காலத்திலேயே, கீரிமலைப் பகுதியில் அவர்களது காணிகளில் நாட்டின் அதிபருக்கென ஒரு மாளிகை எழுந்தது. கடற்காற்று யாருக்கு என்ற பழைய கேள்வி புதிய வடிவில் வந்ததை இதனினும் தெளிவாக எது காட்டும்?

இன்று கீரிமலையில் மீண்டும் குடும்பங்கள் கூடுகின்றன. பிள்ளைகள் கேணியிற் குதிக்கிறார்கள். அது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சி இயற்கை தானாகத் தந்த கொடையன்று. கிணற்றுக்கும் ஆசனத்துக்கும் காணிக்கும் போராடியவர்கள் ஈட்டியது. திரும்பாத காணிகள் இன்னும் உள்ளன. சாதியின் வேலி எல்லா ஊர்களிலும் சாய்ந்துவிடவில்லை. நிழலில் அமர்ந்து கூழ் உண்பதும், முற்றத்தில் ஒரு ரோசாவுக்கு நீர் ஊற்றுவதும் சிறிய இன்பங்களே. அச்சிறிய இன்பங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டும் நாளில்தான், நம் சமூகம் பெரிய இலட்சியங்களைப் பேசும் தகுதியைப் பெறும்.