சந்தை மடியும் சுடிதாரும்: மூக்கண்டப்பள்ளி வட்டாரத்தில் கடைக்குப் போகும் உடை

ஓசூர்-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ துணி எடுக்கக் கிளம்புவோரின் உடையைத் தீர்மானித்தவை பெரும்பாலும் இரண்டே: பணத்தை எங்கே வைப்பது, எதில் ஏறிப் போவது.

சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன் இந்த வட்டாரத்தில் வாரச்சந்தைதான் பெரிய கடைவீதி. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இன்றும் பேர்பெற்றது. சந்தைக்குப் போகும் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட் மாட்டினார்கள். அதில் பட்டன் வைத்த சின்னப் பையில் ரூபாய் நோட்டு. தோள் துண்டு வெயிலில் தலைப்பாகை, சுமை ஏற்றும்போது சும்மாடு, திரும்பி வருகையில் மூட்டைத் துணி. பெண்கள் கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டார்கள். சில்லறையும் வெற்றிலை பாக்கும் சுருக்குப்பையில், பை இடுப்பில். இரண்டு கையும் காலி. நெரிசலில் உடம்போடு ஒட்டியிருந்ததால், பை நழுவினால் உடனே தெரிந்துவிடும்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ், டைட்டன் ஆலைகளால் மாதச் சம்பளமும் போனஸும் வந்தன. 1965 போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டியிருந்தது. மார்ச்சில் கணக்கு முடித்தால் கெடு நவம்பர். தீபாவளி அந்தக் கெடுவுக்குள் வந்துவிடுவதால் பெரும்பாலும் பண்டிகைக்கு முன்னேயே பணம் கைக்கு வரும், ஊரே ஒரே வாரத்தில் கடைக்குப் போகும். ஆடியில் கூட்டத்துக்குக் காரணம் வேறு: கல்யாணம் இல்லாத மாதத்தில் பழைய சரக்கைத் தள்ளி, தீபாவளிச் சரக்குக்கு இடம் செய்கிறார்கள் கடைக்காரர்கள்.

பயணமும் மாறியது. 1980இல் டி.வி.எஸ் 50 வந்தபின் குடும்பத்தோடு வண்டியில் போவது சாதாரணமானது. பின்னால் ஒருக்களித்து உட்காரும் பெண்ணின் முந்தானை சக்கரத்தில் சிக்கும் ஆபத்து இருந்தது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கின. 1990களில் ஸ்கூட்டியைத் தாங்களே ஓட்டத் தொடங்கிய பெண்களுக்குச் சுடிதார் கைகொடுத்தது. துப்பட்டாவை இரு தோளிலும் ஊக்குக் குத்தி, நுனிகளைப் பக்கவாட்டில் முடிந்துவிட்டால் வண்டியிலும் தொல்லையில்லை, கூட்டத்திலும் இழுபடாது. இதை நாகரிக மோகம் என்று ஒதுக்குவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். பிழைப்பும் பயணமும் கேட்ட உடை அது.

தள்ளுபடி நாளில் உடை மாற்றும் அறை முன்னே நீண்ட வரிசை நிற்கும். அதனால் மெல்லிய பருத்தி டாப்ஸ் அணிந்து போய், அதன் மேலேயே புதியதைப் போட்டு அளவு பார்த்துக்கொள்வது வழக்கமானது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் ஆடி மாதம் காற்றும் சாரலுமாக இருக்கும், கடைக்குள்ளோ புழுங்கும். ஆகையால் கழற்றிப் பைக்குள் வைக்கும்படி ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். எல்லை தாண்டி பெங்களூரு சிக்பேட்டைக்குப் போகிறவர்கள் அந்தக் குறுகிய சந்துகளில் நடக்க வார் வைத்த தட்டைச் செருப்புப் போட்டு, தோள்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

2016இல் யுபிஐ வந்தபின் நோட்டுக் கட்டின் கவலை குறைந்தது. கைபேசிக்கு இடம் தேட வேண்டியதாயிற்று. சுடிதார் தைக்கக் கொடுக்கும்போதே பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்வதும், பாக்கெட் உள்ள குர்தியாகப் பார்த்து எடுப்பதும் அதன்பின் பரவலாயின.