திமிசோவாரா புதைகுழிப் படங்கள்
ருமேனியாவின் திமிசோவாரா நகரில் 1989 டிசம்பர் 16-இல் மூண்ட மக்கள் எழுச்சியையொட்டி உலகத் தொலைக்காட்சிகளில் பரவிய காட்சிகள். ஏழைகளைப் புதைக்கும் இடுகாட்டிலிருந்து தோண்டியெடுத்த சடலங்களை, சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கொன்று குவித்தவர்கள் என்று இவை காட்டின. ஒரு பெண்ணின் மார்பின்மேல் கைக்குழந்தையின் பிணம். தாயும் சேயும் என்றார்கள். இருவருக்கும் உறவே கிடையாது. அந்தப் பெண் கல்லீரல் நோயால் இறந்தவர். சித்திரவதைத் தழும்புகள் எனப்பட்டவை பிரேதப் பரிசோதனைத் தையல்கள். 4,000-க்கு மேற்பட்டோர் மாண்டதாகச் செய்தி பறந்தது. அந்நகரில் உண்மையில் இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். 1990 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. ஆனால் எழுச்சியின்போது மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூடு மட்டும் பொய்யன்று. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுடப்பட்டோரில் 40-க்கு மேற்பட்டவர்களின் உடல்களை அரசே இரகசியமாகத் தலைநகர் புக்கரெஸ்டுக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டியிருந்தது.