ஐம்பத்தாறு வாக்குகளில் தோற்ற மேயர்

சென்ற வாரம் சாம் சபாபதியைப் பார்த்தோம். 1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபையானபோது மேயர் கதிரையில் முதலில் அமர்ந்தவர் அவர். இந்த வாரம் அல்பிரட் துரையப்பா. இவரைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக 1975 ஜூலை 27ஆம் திகதியில் தொடங்கி, அந்தத் திகதியிலேயே முடித்தும் விடுவார்கள். இளையவர்களிடம் கேட்டால், சுடப்பட்ட மேயர் என்பதற்கு மேல் ஒரு வரி வராது. விளையாட்டரங்குக்கு வைத்த பெயர் என்று சிலர் சொல்லக்கூடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த நகரத்தின் அரசியலில் உழன்ற ஒருவரை அவருடைய கடைசி ஐந்து நிமிடத்தை வைத்து அறிந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே முன்னாலிருந்தே வருவோம்.

1926இல் பிறந்தவர். தொழிலால் சட்டத்தரணி, அந்தக் காலத்துப் பேச்சில் பிரக்கிராசி. யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்தவர் அரசியலுக்கு வருவது புதினமல்ல. ஆனால் பெரும்பாலானோர் நேரே கொழும்புப் பாராளுமன்றத்தைப் பார்த்தே நடந்தார்கள். துரையப்பா நகரசபை வாசலால் உள்ளே வந்தவர். அங்கே உரிமை, சமஷ்டி, ஐம்பதுக்கு ஐம்பது என்று முழங்க இடமில்லை. வாய்க்கால் அடைத்தது, தெருவிளக்கு எரியவில்லை, சந்தைக் கடை வாடகை கூடிவிட்டது, வாளி மலசலகூடத்துக்கு ஆள் வரவில்லை என்றுதான் சனம் வந்து நிற்கும். சுண்ணாம்புக்கல் தரைக்குக் கீழே கிணற்று நீரும் மலக்குழிக் கழிவும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் ஊர் இது. இங்கே மேயர் வேலை மாலைக்கும் மேடைக்குமான வேலையல்ல. துரையப்பா அதை விரும்பிச் செய்தார் என்பதை அவரை வெறுத்தவர்கள்கூட மறுத்ததில்லை. யாரும் நேரே போய்ப் பிடிக்கலாம், தரகர் தேவையில்லை என்ற பெயர் அவருக்கு இருந்தது. சோனகதெரு முஸ்லிம்கள், கடற்கரைத் தொழிலாளர், சாதியால் ஒதுக்கப்பட்ட நகரத்து ஏழைகள் என, பெரிய கட்சிகளின் மேடையில் கடைசி வரிசைகூடக் கிடைக்காதவர்கள் பலர் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கியது அது. சபாபதி மேயராக இருந்தபோது, 1954இல், புதிய கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். லோங் அடிகளார் ஓடியோடி உழைத்தார். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலக அறிஞர் ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959இல் அதன் முதல் பெரும் பகுதியைத் திறந்துவைத்த மேயர் துரையப்பா. 1981இல் அந்த நூலகம் எரிந்ததை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். திறந்துவைத்தவர் பெயரை அந்தக் கூட்டங்களில் நான் கேட்டது மிகக் குறைவு. மறதி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1960 மார்ச் தேர்தலில் அவர் செய்தது அன்று ஒருவரும் எதிர்பாராதது. யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாக நின்று, தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தைத் தோற்கடித்தார். வடக்கில் தமிழரசுக் கட்சியின் அலை அடித்த ஆண்டு அது. அந்த அலைக்கும் பொன்னம்பலத்தின் நாவன்மைக்கும் நடுவே, கட்சியில்லாத ஒரு நகரசபைக்காரர் வென்றார். அதே ஆண்டு ஜூலையில் மறுபடி தேர்தல் வந்தது, மறுபடி வென்றார். 1965இல் பொன்னம்பலம் தொகுதியைத் திருப்பிப் பிடித்தார். 1970இல் மும்முனைப் போட்டி. தமிழரசுக் கட்சியின் மார்ட்டின் முதலாவது, துரையப்பா இரண்டாவது, பொன்னம்பலம் மூன்றாவது. மார்ட்டினுக்கும் துரையப்பாவுக்கும் இடையில் 56 வாக்குகள். அந்த மார்ட்டினே பிறகு கட்சியின் முடிவை மீறி அரசாங்கத்தோடு ஒத்துப்போய்த் தமிழரசுக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார் என்பது வேறு கதை. 56 பேர் மாறிக் குத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை.

அந்தக் காலத்தில் மேயரைச் சனம் நேரே தெரிவதில்லை. சபை உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தெரிவார்கள். அதனால் பாராளுமன்றத்தில் தோற்றவர் நகரத்தில் மேயராக இருக்க முடிந்தது. ஆனால் இப்போது அவர் பழைய சுயேச்சை அல்ல. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் அவரே முகம். தவறு இங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து. கொழும்போடு நின்றால் ஊருக்கு வேலையும் றோட்டும் கட்டடமும் கொண்டுவரலாம் என்ற அவருடைய கணக்கு மற்றக் காலங்களில் சரிப்பட்டிருக்கலாம். 1970க்குப் பிறகு வந்த ஐந்து ஆண்டுகளில் சரிப்படவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 1972இல் குடியரசு யாப்பு வந்தது. தமிழர் கேட்ட எதுவும் அதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கொழும்புமேல் எழுந்த கோபம் யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே ஆளின் தலையில் விழுந்தது. மேடைகளில் அவரைத் துரோகி என்றார்கள். பேசியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார்கள். கேட்ட இளைஞர் சிலர் அப்படிப் படுக்கவில்லை. 1971இலேயே பொன்னுத்துரை சிவகுமாரன் அவருடைய காருக்குக் குண்டு வைத்தார். அன்று துரையப்பா காரில் இல்லை.

பிறகு 1974 ஜனவரி. நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு. அரசாங்கம் கொழும்பில் நடத்தச் சொன்னது. அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்தில் நடத்தினார்கள். 10ஆம் திகதி இறுதி நாள் நிகழ்ச்சிக்குத் திறந்தவெளி அரங்கின் கதவு திறக்கவில்லை, மேயரின் அனுமதியைப் பெற முடியவில்லை என்று அமைப்பாளர் தரப்பு சொன்னது. கூட்டம் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் நகர்ந்தது. பொலிஸ் புகுந்தது, கண்ணீர்ப்புகை அடித்தது, சுட்டது. மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. முன்னாள் நீதியரசர்கள் டி கிறெற்சரும் மாணிக்கவாசகரும் ஆயர் குலேந்திரனும் அடங்கிய, பொதுமக்கள் அமைத்த விசாரணைக் குழு பொலிஸைக் குற்றம் சாட்டியது. சனத்தின் வாயில் குற்றம் மேயரிடம் வந்து நின்றது. கதவு பூட்டியதற்கு அவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டாலும், துவக்கைத் தூக்கியது மாநகரசபை அல்ல. ஆனால் அதன் பிறகு அவர் வாய்திறந்து ஊரோடு நின்று அழுதிருக்கவேண்டும். அரசாங்கத்தின் ஆளாகவே தொடர்ந்தது அவர் செய்த பெரும் பிழை.

1975 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. காரைநகர்ப் பாலத்துக்குப் போகும் வழியில் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில். துரையப்பா கிறிஸ்தவர், ஆனாலும் அந்தக் கோயிலுக்குப் போகிறவர். காரால் இறங்கியபோது காத்துநின்ற இளைஞர்கள் சுட்டார்கள். அவருடைய காரிலேயே ஏறித் தப்பினார்கள். வயது 49. சுட்டவர்களில் ஒருவரான பிரபாகரனுக்கு அப்போது இருபது. 1978 ஏப்ரலில் வீரகேசரியில் வெளியான கடிதத்தில் விடுதலைப் புலிகள் இதற்கும் வேறு கொலைகளுக்கும் உரிமை கோரினார்கள்.

ஜேர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு மான்பிரட் ரொம்மலைத் தெரிந்திருக்கும். 1974 முதல் 1996 வரை ஸ்ருட்கார்ட் நகர மேயர். சனம் நேரே வாக்களித்து மூன்று முறை தெரிந்த ஆள். 1977இல் சிறையில் இறந்த செம்படைப் பிரிவுத் தீவிரவாதிகளை நகரத்து மயானத்தில் புதைக்க விடக்கூடாது என்று ஊர் கொதித்தபோது, ரொம்மல் இடம் கொடுத்தார். சாவோடு பகை முடியவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதன் பிறகும் அவரை வெறுத்தவர்கள் வாக்குப்பெட்டிக்குத்தான் போனார்கள். பெட்டி அவரைத் திரும்ப அனுப்பியது. யாழ்ப்பாணத்தவருக்கும் இந்த வழி தெரியாததல்ல. 1965இலும் 1970இலும் துரையப்பாவை வீட்டுக்கு அனுப்பியதே வாக்குத்தான். ஆனால் 1970இல் வந்த அரசாங்கம் புதிய யாப்பைக் காட்டித் தன் ஆயுளை 1977 வரை நீட்டியது. பெட்டியில் நம்பிக்கை தளர்ந்ததற்கு அந்த அரசாங்கமும் கணக்குச் சொல்லவேண்டும்.

துரையப்பா கொலைக்குப் பிறகு யாழ்ப்பாண மேயர் கதிரை பழையபடி இருக்கவில்லை. 1998 மே மாதம் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் வீட்டில் சுடப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் அடுத்த மேயர் பொன். சிவபாலன் குண்டுவெடிப்பில் இறந்தார். 2001இல் மேயரான நடராஜா ரவிராஜ் பின்னர் பாராளுமன்ற உறுப்பினரானார். 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். அண்மைக் காலத்தில் மேயர்கள் வரவுசெலவுத் திட்டம் தோற்றுப் பதவி இழக்கிறார்கள். அதை நாம் சலித்துக்கொண்டு பார்க்கிறோம். எனக்கு அதில் சலிப்பில்லை; பதவி மட்டும்தானே போகிறது.

துரையப்பா விளையாட்டரங்கின் திருத்தவேலையில் 1999இல் மனித எலும்புகள் வந்தன. 2016 ஜூனில் இந்திய உதவியோடு புதுப்பித்த அரங்கை மைத்திரிபால சிறிசேனாவும், டெல்லியிலிருந்து காணொளியில் நரேந்திர மோடியும் திறந்தார்கள். பெயரை மாற்றவேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மாற்றக்கூடாது என்பது என் தீர்ப்பு. கொழும்போடு போய்ச் சேர்ந்ததற்காக அவரைக் குறைசொல்லும் உரிமை நமக்கு உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த நகரத்துக்கு உழைத்தவர் பட்டியலிலிருந்து அவரை எடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

அடுத்த வாரம் சரோஜினி யோகேஸ்வரன். 1998 தேர்தல் நாட்களை நேரில் பார்த்த வாசகர்கள் தங்கள் நினைவுகளை ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.