குரங்காட்டியின் கயிறு

உடுக்கைச் சத்தம் கேட்டாலே போதும், தெருப்பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிடுவார்கள். நடுவில் சட்டை போட்ட ஒரு குரங்கு. சலாம் போடும், குட்டிக்கரணம் அடிக்கும், தடியைத் தோளில் வைத்துக்கொண்டு பெரிய மனிதர் போல நடக்கும். கடைசியில் தட்டு ஏந்தி வரும். நாலணா, எட்டணா விழும். ஒரு காலத்தில் தமிழகத் தெருக்களில் இது சாதாரணக் காட்சி.

சரி, அந்தக் குரங்கு எங்கிருந்து வந்தது?

வளர்ந்த குரங்கை எளிதில் பழக்க முடியாது. அதனால் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியைத்தான் பிரித்துப் பிடிப்பார்கள். அப்புறம் கழுத்தில் கயிறு. சொன்னதைச் செய்தால் சோறு, இல்லாவிட்டால் குச்சியடி. கடிக்காமல் இருக்கப் பல்லைப் பிடுங்குவதும் உண்டு. கூட்டமாக வாழும் விலங்குக்குக் கடைசிவரை தனிமைதான். கைதட்டியவர்கள் யாருக்கும் இது தெரியாது!

குரங்கை வைத்துப் பணம் பார்த்தது தெருக்காரர் மட்டுமல்ல. 1950களில் போலியோ தடுப்பூசி தயாரிப்புக்காக வட இந்தியாவின் செம்முகக் குரங்குகள் பெரும் எண்ணிக்கையில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. 1978இல்தான் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. ஆனால் உள்ளூர்த் தெருவில் ஆடிய குரங்குக்கு விடிவு வர மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எந்தெந்த விலங்குகளை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அந்த அதிகாரம் 1991இல்தான் பயன்பட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் என்று ஒரு பட்டியல் வந்தது. சர்க்கஸ் முதலாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998 அக்டோபரில் நாயை நீக்கி, சிங்கத்தைச் சேர்த்துப் புதிய பட்டியல் வெளியானது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. (2011இல் காளை சேர்க்கப்பட்டு, பின்னர் ஜல்லிக்கட்டு வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டதும் இதே பட்டியல்தான்.)

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கஸ் முதலாளிக்கு வக்கீல் இருந்தார். குரங்காட்டிக்கு யார் இருந்தார்கள்? தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராகச் சுற்றிய அவருக்கு நிலம் இல்லை, படிப்பு இல்லை, வேறு தொழிலும் தெரியாது. குரங்கைப் பறித்தால் அன்றைய சோறு போச்சு. மறுபடி காட்டுக்குப் போய் இன்னொரு குட்டியைப் பிடிப்பதைத் தவிர அவருக்கு என்ன வழி?

கரடி விஷயத்தில் இதற்கு விடை கிடைத்தது. கரடியாட்டம் நடத்திய கலந்தர் குடும்பங்களுக்கு, கரடியை ஒப்படைத்தால் மாற்றுத் தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் தரப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். ராஜு என்ற கரடி 2009 டிசம்பரில் பெங்களூர் அருகே பன்னேர்கட்டா மையத்துக்கு வந்தபோது, நாட்டின் கடைசி ஆட்டக்கரடி அதுதான் என்று அறிவித்தார்கள். சட்டத்தோடு சோற்றுக்கும் வழி காட்டியதால் நடந்த காரியம் இது.

கயிற்றின் ஒரு முனையில் குரங்கு, மறுமுனையில் பசித்த மனிதர். இரண்டு முனையையும் அவிழ்த்தால்தான் விடுதலை.

அந்தக் கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை. கைபேசியைத் திறந்தால் சட்டை போட்ட குரங்குக்குட்டியின் வீடியோ ஓடுகிறது. அன்று தட்டில் விழுந்த எட்டணாதான் இன்று 'லைக்' ஆகி விழுகிறது. அந்தக் குட்டிக்கும் எங்கேயோ ஒரு தாய் இருந்திருக்கும், இல்லையா?