மான்கள் கர்ஜிக்கும் தீவு

மான் கர்ஜிக்குமா? சிங்கம்தானே கர்ஜிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ரம் என்றொரு தீவு இருக்கிறது. (சிரிக்காதீர்கள், மதுவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை!) அக்டோபர் மாதம் அங்கே போனால் செம்மான்களின் கர்ஜனை இரவு பகலாகக் கேட்கும்.

அது அவற்றின் இனச்சேர்க்கைக் காலம். ஒவ்வொரு பெரிய ஆண்மானும் ஒரு பெண்மான் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு காவல் காக்கும். மேய்வதைக்கூட ஏறக்குறைய மறந்துவிடும். போட்டிக்கு வேறொரு ஆண்மான் வந்தால் உடனே சண்டை கிடையாது. முதலில் இரண்டும் மாறி மாறிக் கர்ஜிக்கும். யார் அதிக நேரம், அதிக முறை கத்த முடிகிறதோ அவரே பலசாலி! மற்றது பெரும்பாலும் விலகிப் போய்விடும். இரண்டும் சமபலம் என்றால்தான் கொம்புகள் மோதும். டிம் கிளட்டன் பிராக், ஸ்டீவ் ஆல்பன் இருவரும் இதை இந்தத் தீவில் கவனித்து 1979-ல் எழுதினார்கள்.

இங்கே மான்களைப் பற்றிய ஆய்வு 1953-லேயே தொடங்கிவிட்டது. தீவின் வடகோடியில் கில்மோரி என்ற பள்ளத்தாக்கில் ஒவ்வொரு மானுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எப்போது பிறந்தது, தாய் யார், எத்தனை குட்டி போட்டது, எப்போது இறந்தது என எல்லாம் பதிவாகிறது. இந்தக் காலம் சில நாட்கள் முன்னதாகவே வருகிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

இனிதான் வரலாறு. கில்மோரியில் ஒரு காலத்தில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வீடுகளின் இடிபாடுகளும் இடுகாடும் இன்னும் இருக்கின்றன. 1826-ல் தீவை ஆட்டுப் பண்ணையாக மாற்றுவதற்காகச் சுமார் 300 பேரைக் கப்பலேற்றிக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களில் பலரும் 1828-ல் போனார்கள். மான்கள் அதற்கு முன்பே, 18-ம் நூற்றாண்டின் இறுதியில், இங்கே அழிந்திருந்தன. 1845-ல் தீவு கைமாறியதும் புதிய உரிமையாளர் வேட்டைக்காக மறுபடி மான்களைக் கொண்டுவந்து விட்டார். 1957-ல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தீவை வாங்கியது.

ஆக, நாம் 'காட்டு' மான் என்று பார்ப்பது, ஆட்களை வெளியேற்றிய நிலத்தில் ஒரு பிரபு விளையாட்டுக்காக விட்ட மான்களின் சந்ததி. அதற்காக மான்களைக் குறை சொல்ல முடியுமா? ஆய்வையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கில்மோரியில் ஒரு மானின் பாட்டி யார் என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்த இடிந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் கடலைத்தான் கைகாட்ட வேண்டும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் மான்கள் மோதுவதைப் பார்த்தால், பின்னால் தெரியும் கற்குவியலையும் கொஞ்சம் பாருங்கள் நண்பர்களே.