ஒலிபெருக்கியும் பேச்சுத் தெளிவும்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரே விதமான குறை சொல்லக் கேட்கிறோம். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியாகிவிட்டது. அதன் இருபுறமும் ஒலிபெருக்கிகள் வைத்தாகிவிட்டது. தமிழ்ப் படம் ஓடுகையில் பாட்டும் சண்டையும் சன்னலை அதிரச் செய்கின்றன. ஆனால் பேச்சு மட்டும் விளங்குவதில்லை. ஒலியைக் கூட்டினாலோ அடுத்த காட்சியின் இரைச்சல் அண்டை வீட்டாரை எழுப்பிவிடுகிறது. இக்குறை புதியதன்று. பேசும் படம் பிறந்த நாள் தொட்டே உடன் வருவது. அதை நீக்குவதற்குப் பொறியியல் அறிஞர்கள் பட்ட பாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறாகும். அவ்வரலாற்றை ஒருவாறு அறிந்துகொண்டால், கையிலுள்ள சிறு தொகையை எங்கே செலவிட வேண்டும் என்பதும் தானே புலனாகும்.

ஒலிபெருக்கியின் முதல் வேலை, பேச்சைத் தொலைவுக்குக் கொண்டு செல்வதாகவே இருந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் கலிபோர்னியாவில், காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளொன்றை அசையவிட்டு, அதைப் பெரிய கொம்பின் அடியில் பொருத்தி, 1915இல் மக்கள் முன் ஒலிக்கச் செய்தனர். அக்கருவிக்கு ‘மாக்னவாக்ஸ்’ என்று பெயரிட்டனர். லத்தீன் மொழியில் ‘பெருங்குரல்’ என்பது அதன் பொருள். 1919இல் சான்டியாகோ நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதன் துணைகொண்டு பெருங்கூட்டத்தில் பேசினார். பெருங்குரல் கிடைத்துவிட்டது, தெளிந்த குரல் கிடைக்கவில்லை. கொம்பு தனக்கு உகந்த சுருதிகளை உரக்க ஒலித்து, மற்றவற்றை விழுங்கிக்கொண்டது. 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் கொம்பை நீக்கிவிட்டு, காகிதக் கூம்பே நேராகக் காற்றை அசைக்கும் முறையை வெளியிட்டனர். இன்று நம் வீடுகளிலுள்ள ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கூம்பின் வழிவந்தவையே.

பேச்சு எதனால் விளங்குகிறது என்ற கேள்வியை அடிப்படையில் ஆராய்ந்தவர்கள் தொலைபேசிக்காரர்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பிளெட்சர் என்ற அறிஞரும் அவர் சகாக்களும் ஒரு முனையில் பொருளற்ற அசைகளை வாசிக்கச் செய்தனர். மறுமுனையில் கேட்பவர்கள் தம் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டனர். பொருளுள்ள சொற்களைக் கொடுத்தால் கேட்பவர் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துவிடுவார் அல்லவா? ஆகையால்தான் பொருளற்ற அசைகள். பிளெட்சர் 1929இல் நூலாக வெளியிட்ட இவ்வாராய்ச்சிகளின் முடிவு வியப்பிற்குரியது. பேச்சின் வலிமையில் பெரும்பகுதி வினாடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழே, உயிரொலிகளில் அடங்கியிருக்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ வலிமை குன்றியவை; அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 1,000 அதிர்வுகளுக்கு மேலே இருக்கிறது. சத்தம் ஓரிடத்தில், பொருள் வேறோரிடத்தில். தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள பகுதியை மட்டும் அனுப்பியே பல தலைமுறைகளாக உலகத்தைப் பேச வைத்ததன் இரகசியமும் இதுவே.

இவ்வுண்மை நம் மொழிக்கு மிக நெருங்கியது. வலி, வழி, வளி என்ற மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள். முதலெழுத்தும் ஒன்று, இறுதி உயிரும் ஒன்று. இடையில் நா வளையும் விதம் ஒன்றே பொருளை மாற்றுகிறது. அவ்வேற்றுமை செவிக்கு வந்து சேர்வது அந்த 1,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நடுப்பகுதியில்தான். அப்பகுதி மங்கினால் மதுரையில் வளர்ந்தவர் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். டில்லியிலோ புனேயிலோ பிறந்து, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி, வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும் சிறுவனால் ஊகிக்க இயலாது. அவன் நிலை, பொருளற்ற அசைகளைக் கேட்டு எழுதிய பிளெட்சரின் மாணாக்கர் நிலை. அவன் செவிக்கு எட்டாத சொல் அவனுக்கு இல்லாத சொல்லாகிவிடுகிறது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறான். வெளிமாநிலத் தமிழர் வீட்டில் பேச்சுத் தெளிவை வெறும் ஆடம்பரமாகக் கருதலாகாது என்று நாம் சொல்வது இதனாலேயே.

இனித் திரையரங்கிற்கு வருவோம். நம் நாட்டின் முதல் பேசும் படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று அன்றைய பம்பாயின் மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. படப்பிடிப்புக் கூடத்தின் அருகே ரயில் பாதை இருந்தமையால், வண்டிச் சத்தம் அடங்கிய இரவு நேரங்களிலேயே பெரும்பகுதியைப் படமாக்க நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் ‘காளிதாஸ்’ வந்தது. அதில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார்! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தத் தம்பதியர் மீது தனிப் பரிவு உண்டு.

அக்காலத்து அரங்குகள் ஊமைப் படத்திற்கென்று கட்டப்பட்டவை. ஆதலால் பேச்சு சுவர்களில் மோதி எதிரொலித்தது. குரல் நடிகரின் வாயிலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டுமென்று, ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலி கடந்து வரத் திரையில் சிறுசிறு துளைகள் இட்டனர். 1930களின் நடுவில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஒலிப் பிரிவினர், நடனக்காரி எலினோர் பவலின் காலடித் தட்டு ஒன்று அரங்கில் இரண்டாகக் கேட்பதைக் கண்டனர் என்பர். கீழ் ஒலியும் மேல் ஒலியும் வெவ்வேறு நீளமுள்ள கொம்புகளின் வழியே வந்து, ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் செவியை அடைந்ததே காரணம். டக்ளஸ் ஷியரரின் தலைமையில் ஜான் ஹில்லியர்டும் ஜேம்ஸ் லான்சிங்கும் இதைச் சரிசெய்து அமைத்த இரு பகுதி ஒலிபெருக்கி, 1936ஆம் ஆண்டுக்கான அகாடமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. இன்று கடைத்தெருவில் காணும் ‘ஜே.பி.எல்.’ என்பது இந்த லான்சிங்கின் பெயரெழுத்துகளேயாகும்.

இவ்வளவுக்கும் திரைக்குப் பின்னால் இருந்தது ஒரே வழியில் வந்த ஒலிதான். நடிகர் திரையின் ஓரத்தில் நிற்க, குரல் வேறோரிடத்திலிருந்து வருவதைக் கண்ட இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லீன், இருதட ஒலி முறைக்கு 1931 டிசம்பரில் காப்புரிமை கோரினார். பெல் ஆய்வுக்கூடத்தாரோ வேறு வழியில் சென்றனர். 1933 ஏப்ரலில் பிலடெல்பியாவில் இசைத்த வாத்தியக் குழுவை, மூன்று ஒலிவாங்கிகள், மூன்று கம்பிகள், மூன்று ஒலிபெருக்கிகள் கொண்டு வாஷிங்டன் நகர மண்டபத்தில் ஒலிக்கச் செய்தனர். ஏன் மூன்று? இரண்டே இருந்தால் சரிநடுவில் அமர்ந்தவருக்கு மட்டுமே நடுவிலுள்ள பொருள் நடுவில் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அது தம் பக்கத்துப் பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். நடுவில் உண்மையாகவே ஒரு பெட்டி இருந்தால் மண்டபத்தில் எங்கிருப்பவருக்கும் அது அசையாது நிற்கும்.

இந்த நடுப் பெட்டியைத் திரைப்படத்தார் பின்னர்க் கைவிடவில்லை. 1940இல் டிஸ்னியின் ‘பேன்டேசியா’ படத்திற்குத் திரைக்குப் பின்னால் மூன்று ஒலிபெருக்கிகள் வைத்தனர். 1953இல் வந்த சினிமாஸ்கோப் படம் ‘தி ரோப்’, இடம், நடு, வலம், சுற்றுப்புறம் என நான்கு தடங்களைக் கொண்டிருந்தது. தொடக்கத்தில் நடிகர் நடந்த பக்கமெல்லாம் குரலையும் நகர்த்திப் பார்த்தனர். காட்சி மாறுந்தோறும் குரல் தாவுவது காண்போருக்குத் தொல்லையாக இருக்கவே, நாளடைவில் உரையாடலை நடுத் தடத்திலேயே நிறுத்துவது வழக்கமாயிற்று. 1970களில் டால்பி நிறுவனம் அந்த நான்கையும் படச்சுருளின் இரண்டு தடங்களில் அடக்கிக் கொடுத்தது; 1987இல் ‘புரோ லாஜிக்’ முறையின் வாயிலாக நடுத் தடம் வீடுகளுக்கும் வந்தது. இன்றைய பல தடப் படங்களில் உரையாடலின் பெரும்பகுதி இடத்திலும் இல்லை, வலத்திலும் இல்லை, நடுவில்தான் இருக்கிறது.

வீட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. பழைய வால்வு வானொலியில் ஒரே ஒரு காகிதக் கூம்பு, கேட்பவரை நோக்கி, மரப்பெட்டியில் பொருந்தியிருந்தது. டில்லியிலிருந்து பல்லாண்டுகள் ஒலிபரப்பான தமிழ்ச் செய்தியை நம் முந்தைய தலைமுறையினர் அதில் சொல் பிசகாமல் கேட்டனர். செய்தி வாசிப்போரின் பயிற்சிக்கு அதில் பாதிப் பங்கு உண்டென்பதையும் மறக்கலாகாது. பின்னர் வந்த தட்டைத் தொலைக்காட்சிகள் மெலிய மெலிய, ஒலிபெருக்கிகளுக்கு முகப்பில் இடமில்லாது போய், அவை தரையையோ சுவரையோ பார்த்துப் பேசலாயின. இதற்கு மாற்றாக விற்கப்பட்ட மலிவான ‘ஹோம் தியேட்டர்’ தொகுதிகளில் கைப்பிடியளவு ஐந்து பெட்டிகளும், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு பெரிய சப்வூபரும் இருந்தன. சிறு பெட்டிகளால் ஆண் குரலின் கனத்தைத் தாங்க இயலாது. அக்கனம் மூலையிலுள்ள சப்வூபருக்குச் சென்றுவிடுகிறது. கதாநாயகன் பாதி திரையிலும் பாதி மூலையிலும் நின்று பேசுவது இவ்வாறுதான்.

இப்போது செலவுக் கணக்கைப் பார்ப்போம். முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. ஆம்ப்ளிபயரின் அமைப்பில் நடுப் பெட்டி இருப்பதாகக் குறித்துவிட்டு, வீட்டில் அது இல்லாமற் போனால் பேச்சே காணாமற் போகும். ‘இல்லை’ என்று குறித்தால் அது இருபுறமும் பகிர்ந்து கொடுக்கப்படும். நடுப் பெட்டி இருந்தால் அதன் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தி, சப்வூபரைச் சற்றே தாழ்த்த வேண்டும். இரவுக் கேட்பிற்கென்று பல சாதனங்களில் உள்ள முறை, உரத்த ஒலியை அடக்கி மெல்லொலியை உயர்த்தித் தரும். பெட்டியை அலமாரியின் உள்ளே தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து, அமர்ந்தோரின் காதை நோக்கிச் சாய்த்து வைத்தலும் இலவசமே. அரசாங்கக் குடியிருப்புகளின் மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் பேச்சைக் குழப்பும் எதிரொலிக் கூடங்கள். ஒரு ஜமக்காளமும் கனத்த திரைச்சீலையும் அங்கே பேருதவி செய்யும்.

இவற்றின் பின்னும் பணம் செலவிடுவதாயின், ஐந்து பெட்டிகளையும் மாற்ற முனைவது வீண். நடுப் பெட்டி ஒன்றை மட்டும் நல்லதாக மாற்றுதல் போதும். நடுவில் வைப்பதற்கென்று விற்கப்படும் படுக்கைப் பெட்டிகளில், நடுவில் ஒரு சிறு மேலொலிக் கருவியும் இருபுறமும் இரு கூம்புகளும் இருக்கும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அவ்விரு கூம்புகளின் தொலைவு வேறுபடுவதால், நடுச் சுருதிகள் சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஷியரர் கூட்டத்தார் கண்ட கோளாற்றின் உறவினம் இது. குடும்பம் பெரிதாகப் பரவி அமர்வதாயின், பக்கத்துப் பெட்டிகளைப் போன்ற நிமிர்ந்த பெட்டி ஒன்றையே நடுவில் நிறுத்துவது மேல். அவை இணையாகவே விற்கப்படுவது வழக்கம்; நண்பர் ஒருவருடன் பங்கு போட்டுக்கொள்ளலாம். டில்லியில் லஜபத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் ஒற்றைப் பெட்டியும் பழைய பெட்டியும் தேடிப் பார்ப்பது வீணாகாது.

வாங்குமுன் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று ஓம் அளவு: ஆம்ப்ளிபயர் ஏற்கும் என்று குறித்துள்ளதைவிடக் குறைந்த ஓம் உள்ள பெட்டியைப் பூட்டினால் சாதனம் சூடேறிப் பழுதாகலாம், கூடுதலான ஓம் உள்ளதால் ஒலி சற்றுக் குறையுமேயன்றித் தீங்கில்லை. மற்றொன்று டெசிபலில் குறித்திருக்கும் உணர்திறன். அது மூன்று டெசிபல் மிகுந்த பெட்டி, ஆம்ப்ளிபயரின் ஆற்றலை இருமடங்காக்கியதற்கு ஒப்பாகும். வாட் எண்ணைப் பெரிதாக அச்சிட்ட விளம்பரங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

புதிய பெட்டியைச் சோதிப்பதற்குச் சண்டைப் படம் உதவாது. பிளெட்சரின் முறையே உதவும். வலி, வழி, வளி, மரம், மறம், கல், கள் முதலிய இருபது சொற்களை முறை மாற்றி, நல்ல உச்சரிப்புள்ள பெரியவர் ஒருவரைக் கைப்பேசியில் வாசித்துப் பதியச் செய்யலாம். ஒரே தடமாகப் பதிந்த குரலைப் பல தட முறையில் வைத்த சாதனம் நடுப் பெட்டிக்கே அனுப்பும். பிள்ளைகளை அறையின் ஓரத்தில் அமர்த்தி, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். பிறகு பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்தோ, சற்றுச் சாய்த்தோ, அதே பதிவை மீண்டும் ஒலிக்கச் செய்து, இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.