லாக்

'லாக்' என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை மாலுமிகள் கணித்தார்கள். அதைப் பதிந்த ஏடு 'லாக்புக்'. கட்டையின் பெயர் பதிவுக்கு ஒட்டிக்கொண்டது.

தரவுத்தளத்தில் லாக் என்பது மாற்றங்களின் வரிசைப் பதிவு. தரவு வட்டில் மாறுமுன் அந்த மாற்றத்தின் லாக் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு வங்கிக் கணக்கில் 500 ரூபாய் கழித்து, மற்றதில் சேர்க்குமுன் மின்சாரம் போகிறது. மீண்டும் இயங்கும்போது கணினி லாக்கைப் படித்து, முடிந்த பரிமாற்றங்களை நிலைநிறுத்தும், அரைகுறையானதை நீக்கும். 500 ரூபாய் பழைய கணக்குக்கே திரும்பிவிடும்.

சென்னை ஐஐடியில் படித்த சி. மோகனும் ஐபிஎம் சகாக்களும் 1992இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்ற மீட்பு முறை, அரைகுறையானவற்றையும் சேர்த்து முதலில் எல்லாவற்றையும் மறுபடி செய்துவிட்டு, பிறகுதான் வேண்டாததை நீக்குகிறது.